கோது மிச்சம் வைக்காத கள்ளன்

அது பகல் முழுவதும் பாறை இடுக்குகளில் உறங்கும். பொழுது நன்கு இருண்ட பின்னரே வெளியே வரும். உடல் வீட்டுப் பூனையின் அளவு, கால்கள் குட்டையானவை. மூக்கு நாலு விரற்கடை முன்னே நீண்டிருக்கும். கண்கள் பெயரளவில் உள்ளன. மூக்கினாலும் செவியினாலுமே அது உலகை அறிகிறது. கடற்கரை மணலில் ஆயிரக்கணக்கில் அடைகிடக்கும் ஆலாப் பறவைகளின் நடுவே அரவமின்றி ஊர்ந்து செல்லும். ஒரு பறவை சற்றே எழுந்து இறகு கோதும் கணத்தில் அதன் வயிற்றின் கீழிருந்து முட்டையை உருட்டி எடுத்துவிடும். அங்கு வைத்து உடைக்காது. வாயிற் கௌவித் தன் இருப்பிடம் கொண்டு சென்று கோது உட்பட உண்டு முடிக்கும். விடிந்து பார்த்தால் கூட்டில் ஓர் ஓட்டுத் துண்டுகூட இராது.

இப்படியொரு விலங்கு உலகில் இல்லை. இருந்ததும் இல்லை. ரொறன்ரோவில் பிறந்து வளரும் என் பேத்தி, சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் ஒரு தடித்த குறிப்புப் புத்தகத்தில் இதனைப் படைத்தாள். மனித இனம் அற்றுப்போய் இரண்டு கோடி ஆண்டுகள் கழிந்த ஒரு பூமி. அதில் ஒரு தனித்தீவு. அத்தீவின் பறவைகள், நண்டுகள், புற்கள், காற்று வீசும் திசை எல்லாவற்றையும் எழுதியும் வரைந்தும் வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குக் காலையும் எனக்கு முன்னிரவுமாக இருக்கும் வேளையில் தொலைபேசியில் அழைப்பாள். "அப்பப்பா, நீங்கள் வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்ட ஆள்தானே. இந்த மிருகத்திட்டயும் கேட்டுப் பாருங்கோ. எங்கே பிழைக்குது என்று சொல்லுங்கோ" என்றாள்.

அமைச்சர்களையும் அதிகாரிகளையும் கேள்வி கேட்டுப் பழகியவனுக்கு இது புதிய பேட்டி.

இந்தக் கலைக்குத் தமிழில் 'ஊகப் பரிணாமம்' என்று பெயர் சொல்லலாம். பழையது என்றால் எச்.ஜி. வெல்ஸ் 1895இல் எழுதிய 'கால இயந்திரம்' நாவலிலேயே இதன் வித்து உண்டு. மனித இனம் எதிர்காலத்தில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று ஒளியிலும் மற்றது நிலத்தின் கீழ் இருளிலும் வாழ்வதாக அவர் கற்பனை செய்தார். ஆயினும் இதனை ஒரு ஒழுங்கான துறையாக்கியவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த நிலவியலாளர் டூகல் டிக்ஸன். 'மனிதனுக்குப் பின்' என்ற அவருடைய நூல் 1981இல் வெளிவந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் எங்கள் யாழ்ப்பாண நூலகம் சாம்பலாகிக் கிடந்தது. அங்கு போய் அப்படியொரு நூலைத் தேடும் நிலையில் எவரும் இருக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்தே நான் அதனைப் புரட்டினேன். இன்றிலிருந்து ஐந்து கோடி ஆண்டுகளுக்குப் பின்னரான விலங்குலகம் அது. முயலின் வழித்தோன்றல்கள் மான்களைப் போல் மேய்கின்றன. எலியின் வழித்தோன்றல்கள் ஓநாய்களின் இடத்தைப் பிடித்துக் கூட்டமாக வேட்டையாடுகின்றன. எரிமலையால் புதிதாகத் தோன்றிய தீவுக் கூட்டமொன்றுக்கு வௌவால்கள் முதலில் வந்து சேர்ந்ததனால், அவற்றின் ஒரு கிளை பறப்பதை விட்டுத் தரைக்கு இறங்கி, சிறகாக இருந்த முன்கால்களாலேயே நடந்து, இரவில் அலறிக்கொண்டு இரை தேடுகிறது. அந்தப் படத்தைப் பார்த்த பிள்ளைகள் எவரும் அன்றிரவு விளக்கை அணைத்திருக்க மாட்டார்கள்.

டிக்ஸனுக்குப் பின் வந்தவர்கள் பலர். கனேரிப் பறவைகளையும் சில சிறு மீன்களையும் மட்டும் முதுகெலும்புள்ள உயிர்களாக ஒரு வேற்றுலகில் விட்டு, கோடிக்கணக்கான ஆண்டுகளில் அவை என்னவாகும் என்று இணையத்தில் ஆண்டுக்கணக்காக எழுதிய இளைஞர் ஒருவர் இருக்கிறார். என் பேத்தியின் தலைமுறைக்கு அந்த உலகம் நன்கு தெரியும். பறவையைத் தவிர வேறு விலங்கில்லாத நிலத்தில் முட்டையைத் திருடுவதும் பறவையாகவே இருக்க வேண்டும் அல்லவா? இவ்வாறான கேள்விகளில்தான் இதன் சுவை இருக்கிறது. வெறும் பூதக் கதைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான். இங்கு எந்த உறுப்பும் இலவசமாகக் கிடைக்காது. நீண்ட மூக்கு வேண்டுமென்றால் அதற்கு ஒரு மூதாதை வேண்டும். அம்மூக்கு நீள்வதால் வேறு எதையோ அந்த விலங்கு இழக்க வேண்டும்.

ஆகவே நான் முதலில் கேட்டது, உன் மிருகத்தின் முப்பாட்டன் யார் என்று. எலி என்றாள். எலியை எல்லோரும் எடுத்துவிட்டார்கள் பிள்ளை, நீ மூஞ்சூறைப் பார் என்றேன்.

மூஞ்சூறை நம்மில் அநேகர் எலியென்றே எண்ணுகிறோம். பிள்ளையாரின் வாகனமாகப் பார்த்துப் பழகியதனால் வந்த மயக்கமாக இருக்கலாம். அது எலி அன்று. அகழான், முள்ளெலி ஆகியவற்றின் உறவு. பூச்சி தின்னும் கூர்ம்பற்கள் கொண்டது. பார்வை மங்கல், மோப்பம் அபாரம். முழுக்க முழுக்க இரவு வாழ்க்கை. இடுப்பின் இரு மருங்கிலும் உள்ள சுரப்பிகளிலிருந்து எழும் நாற்றத்தினால் பூனைகூட அதனைப் பிடித்துவிட்டு உண்ணாமற் போய்விடும். கப்பற் சரக்குகளோடு ஒளிந்து சென்று மொரீசியஸ், குவாம் போன்ற தீவுகளில் குடியேறியதும் அதுவே. ஆகையால் மனிதன் அழிந்த பின்னர் ஒரு தனித்தீவில் அதன் வாரிசுகள் எஞ்சியிருப்பது நம்பக்கூடிய கற்பனை. இன்னுமொரு செய்தியும் சொன்னேன். தாய் மூஞ்சூறு இடம்பெயரும்போது முதற்குட்டி தாயின் வாலடியைக் கடித்துக்கொள்ளும், அடுத்தது அதன் பின்புறத்தை, அடுத்தது அதனுடையதை. ரயில் பெட்டிகள் போல் கோவையாகச் செல்லும். இதைக் கேட்டதும் அவளுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத முடியாது. அடுத்த ஞாயிறு அவள் அனுப்பிய படத்தில் தாயும் ஐந்து குட்டிகளும் இரவில் கோவையாகச் சென்றுகொண்டிருந்தன. தாயின் வாயில் ஒரு முட்டை, ஒவ்வொரு குட்டியின் கண்ணும் அந்த முட்டையின் மீது.

மூஞ்சூறைத் தெரிவு செய்ததால் சிக்கலும் வந்தது. அது ஓயாமல் உண்ண வேண்டிய பிராணி. சின்ன உடல், வேகமான இதயம். சில மணி நேரம் பட்டினி கிடந்தாலே ஆபத்து. முட்டையோ பருவத்துக்குப் பருவம் கிடைப்பது. ஆபிரிக்காவில் முட்டையைத் தவிர வேறெதையும் உண்ணாத பாம்பு இனமொன்று உண்டு. பல் இல்லையென்றே சொல்லலாம். தன் தலையைப் போல் பல மடங்கு பருத்த முட்டையை விழுங்கி, கழுத்தினுள் முதுகெலும்பிலிருந்து கீழ்நோக்கி நீளும் எலும்பு முனைகளால் ஓட்டை உடைத்து, சாற்றை இறக்கிக்கொண்டு, நசுங்கிய கோதை ஒரு சுருளாகக் கக்கிவிடும். பறவைகள் முட்டையிடாத மாதங்களில் அது பட்டினி கிடக்கும். குளிர் இரத்தப் பிராணி ஆதலால் அதற்கு அது இயலும். வெப்ப இரத்தமுள்ள மூஞ்சூறின் வாரிசுக்கு எப்படி இயலும்?

அவளுடைய முதல் விடை, உடலைப் பெருப்பிப்பது. பூனையின் அளவு வந்தது அதனால்தான். பெரிய உடல் மெதுவாக எரியும். இரண்டாவது, தீவைப் பூமத்திய ரேகைக்கு அருகே நகர்த்தினாள். அத்திலாந்திக் சமுத்திரத்தின் அசென்ஷன் தீவில் கரும் ஆலாக்கள் ஆண்டுக்கு ஒருமுறை என்றில்லாமல் ஏறக்குறைய 9.6 மாதங்களுக்கு ஒருமுறை முட்டையிட வருகின்றன என்று எங்கோ படித்திருந்தாள். மூன்றாவது விடைதான் எனக்குப் பிடித்தது. ஆர்க்டிக் நரி, பனிவாத்துகளின் முட்டைகளைத் திருடி நிலத்தில் புதைத்து வைத்து, பல மாதங்கள் கழித்தும் தோண்டி உண்கிறது. ஓட்டினுள் இருக்கும் முட்டை இலகுவில் கெடாது. குளிர்பெட்டி காணாத காலத்தில் எங்கள் வீடுகளில் தவிட்டுப் பானைக்குள் முட்டை இருந்தது எனக்கு நினைவுண்டு. வெப்பத் தீவில் அவ்வளவு காலம் தாங்குமா என்று கேட்டேன். பாறைக் குகையின் ஆழத்தில் குளிர்ச்சியான ஈரமணல் இருக்கிறது என்று வரைபடத்தைக் காட்டினாள். பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். பேட்டியில் எல்லாப் பதில்களையும் மறுத்துக்கொண்டிருந்தால் அடுத்த முறை கதவு திறக்காது.

அதன்பின் அவள் என்னைக் கேட்டாள்: "கோதை என்ன செய்யும் அப்பப்பா?"

அவளுடைய ஆரம்ப வரைவில் அந்த மிருகம் முட்டையில் ஒரு துளையிட்டுக் குடித்துவிட்டு வெறுங்கோதைக் கூட்டிலேயே விட்டுச் சென்றது. அது பொருந்தாது என்றேன். வெறுங்கோதின் மேல் பறவை தொடர்ந்து அடைகிடந்தால் மறுபடி முட்டை இடாது. முட்டை அடியோடு காணாமற்போனால்தான் பல பறவைகள் மீண்டும் ஒன்று இடும். நாம் நாள்தோறும் முட்டையை எடுத்து எடுத்துத்தானே கோழியை இட வைக்கிறோம்? தனக்கென்று ஓர் எல்லை வகுத்து அதற்குள் வேட்டையாடும் பிராணிக்கு, கோதையும் எடுத்துச் செல்வது இலாபம். குட்டி ஈன்ற தாய்க்கு அதில் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. இயற்கைத் தெரிவு அந்தப் பக்கம்தான் தள்ளும்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு கோழிக்கூடு நினைவுக்கு வந்தது. அவளுக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன்.

1960ஆம் ஆண்டளவில், எனக்குப் பத்து வயது இருக்கும். எங்கள் ஊரில் ஒரு வசதியான வீடு. பெயர் வேண்டாம். அந்த வீட்டில் வேலைக்கு ஒரு பையன் நின்றான். மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவன். அக்காலத்தில் யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் அப்படிப் பிள்ளைகள் நின்றார்கள். அதைப்பற்றி எவரும் வெட்கப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. என்னைவிட ஓரிரு வயது மூத்தவனாக இருப்பான். நான் பள்ளிக்கூடம் போகையில் அவன் கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பான்.

அந்த வீட்டுக் கோழிக்கூட்டில் முட்டை குறையத் தொடங்கியது. ஒரு நாள் இரண்டு, இன்னொரு நாள் மூன்று. கீரி வந்தால் கோது சிதறிக் கிடக்கும். மரநாய் வந்தால் கோழியும் மிஞ்சாது, இறகாவது கிடக்கும். காகம் பகலில் வரும். இங்கே கூட்டின் கதவு சாத்தியபடி இருந்தது, கோது இல்லை, இறகு இல்லை, இரத்தம் இல்லை. தடயம் ஏதும் இல்லாவிட்டால் கையுள்ள ஒருவன்தான் எடுத்திருக்க வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அந்த வளவில் கையுள்ளவர்கள் ஏழு பேர் இருந்தார்கள். சந்தேகம் ஒருவனிடம் மட்டும் போனது. பூவரசங் கம்பினால் அடித்தார்கள். அவன் எடுக்கவில்லை என்று சொன்னான். பிறகு எடுத்தேன் என்று சொன்னான். எங்கே விற்றாய் என்று கேட்டபோது அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாட்களின் பின் யாரோ ஒருவர் அவனை ரயில் ஏற்றிவிட்டதாகச் சொன்னார்கள்.

அவன் போன பின்னரும் முட்டை குறைந்தது. மூன்றாம் கிழமை ஓர் இரவு, கோழிகள் கலவரப்பட்ட சத்தம் கேட்டு அரிக்கன் லாம்புடன் போய்ப் பார்த்தார்கள். கூட்டினுள் ஒரு நல்லபாம்பு. வயிறு மூன்று இடங்களில் புடைத்திருந்தது. வெளிச்சத்தையும் ஆட்களையும் கண்டு அஞ்சி, விழுங்கிய முட்டைகளை ஒவ்வொன்றாகக் கக்கிற்று. மூன்றும் உடையாத முழு முட்டைகள். மறுநாட் காலையில் அவற்றைப் பார்க்கப் போன சிறுவர்களுள் நானும் ஒருவன்.

பாம்பை அடிக்கவில்லை. நல்லபாம்பை அடித்தால் தோஷம். வழிவிட்டு ஒதுங்கி நின்று, கையெடுத்துக் கும்பிட்டுப் போக விட்டார்கள். நாகதம்பிரானுக்குப் பால் வைத்ததாகவும் கேள்வி.

அந்தப் பையனைத் திரும்ப அழைத்து வந்ததாக நான் அறியவில்லை.

பேத்தி சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். அடுத்த கிழமை அனுப்பிய பக்கங்களில் ஒரு புதிய பறவை இருந்தது. புறாவின் வழித்தோன்றல்; தீவுக்கு வந்து பறக்க மறந்தது. இதில் வியப்பில்லை, மொரீசியஸின் டோடோவும் புறா வம்சமே. விதைகளையும் விழுந்த கனிகளையும் தின்று பகலில் ஆலாக் கூட்டங்களின் ஓரமாக நடக்கும் சாது. ஆலாக்கள் இரவில் வருபவனைக் கண்டதில்லை. காலையில் முட்டை இல்லை. கண்முன்னே நடப்பது இந்தப் பறவை. ஆகவே கூட்டமாகப் பாய்ந்து அதனைக் கொத்தித் துரத்துகின்றன. தலைமுறை தலைமுறையாகத் துரத்தப்பட்டதில் அந்தப் பறவையின் தலையோடு தடித்து, கழுத்தின் பின்புறம் காய்த்துப்போனது போன்ற ஒரு தோற்கவசம் வளர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தாள். உயிரியலில் இது எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை நான் விசாரிக்கவில்லை. கூடு காக்கும் பறவைகள் கண்ணிற் பட்டதைத் துரத்தும் என்பது உண்மை. நமது ஆள்காட்டிக் குருவியைப் பாருங்கள். வெட்டவெளியில் கற்களுக்கிடையே கல்லைப் போலவே நிறங்கொண்ட முட்டைகளை இட்டுவிட்டு, நடுநிசியிலும் யார் அந்தப் பக்கம் போனாலும் ஊரை எழுப்பும். அதனுடைய கூவல் ஆங்கிலேயரின் காதுக்கு 'டிட் ஹீ டூ இட்?' என்று கேட்டதாம். அவன்தான் செய்தானா? நீதிமன்ற நிருபராகச் சில காலம் கழித்த எனக்கு அந்தக் குருவியின் மீது தனி மரியாதை உண்டு. அது தீர்ப்புக் கூறவில்லை, கேள்விதான் கேட்கிறது. கிழக்கிலங்கையில் அதனை ஆக்காண்டி என்பார்கள். அதனையும் அதன் முட்டைகளையும் பற்றிய நாட்டார் பாடல் அங்கு உண்டு. கவிஞர் சண்முகம் சிவலிங்கம் அந்தப் பெயரிலேயே எழுதிய கவிதையை ஈழத்து வாசகர் பலர் அறிவர்.

இனிப் பெயர் விவகாரத்துக்கு வருகிறேன். பேத்தி தன் மிருகத்துக்கு ஆங்கிலத்தில் 'இராக்கள்ளன்' என்ற பொருள்பட ஒரு பெயர் இட்டிருந்தாள். தமிழில் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டாள். கள்ளன் என்ற சொல் வேண்டாம் என்றேன். ஆசிரியபீடத்தில் நான் சேர்ந்த முதற்கிழமையில் கற்ற பாடம் அது: நீதவான் சொல்லும் வரைக்கும் 'சந்தேகநபர்' என்றே எழுத வேண்டும். அவளுக்கு அது ஒரு கிழட்டுப் பிடிவாதமாகப்பட்டது. ஆகவே ஒவிராப்டரின் கதையைச் சொன்னேன்.

1923இல் ரோய் சப்மன் அன்ட்ரூஸ் தலைமையிலான அமெரிக்க ஆய்வுக் குழு மொங்கோலியாவின் கோபி பாலைவனத்தில் ஒரு டைனோசரின் எலும்புகளைக் கண்டெடுத்தது. அது ஒரு முட்டைக் குவியலின் மேல் கிடந்தது. அந்தப் பிரதேசத்தில் புரொட்டோசெராடொப்ஸ் என்ற கொம்பன் வகை டைனோசர்கள் ஏராளம். ஆகவே முட்டைகளும் அவற்றினுடையவைதான் என்று கொண்டார்கள். பல்லில்லாத அலகு போன்ற வாயுடைய இந்த அந்நியனுக்கு அங்கு என்ன வேலை? 1924இல் ஹென்றி ஃபெயார்ஃபீல்ட் ஒஸ்போர்ன் அதற்கு ஒவிராப்டர் என்று பெயரிட்டார். முட்டை பறிப்பவன் என்பது பொருள். இனப் பெயராகச் சேர்த்த இரண்டாம் சொல், கொம்பன்களின் முட்டையில் பிரியமுள்ளவன் என்று குற்றத்தை இன்னும் இறுக்கிற்று. இந்தப் பெயர் அதன் உணவுப் பழக்கத்தைப் பற்றித் தவறான எண்ணத்தைத் தரக்கூடும் என்று ஒஸ்போர்ன் அதே கட்டுரையில் எச்சரித்திருந்தார். எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? தலைப்பைத்தான் எல்லோரும் படிக்கிறார்கள். எழுபது ஆண்டுகள் பிள்ளைகளின் படப்புத்தகங்களில் அது முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தது.

1993இல் மார்க் நொரெல் உள்ளிட்ட குழுவினர் அதே பாலைவனத்தில் அதே வகை முட்டையொன்றைக் கண்டெடுத்தார்கள். அதனுள் கரு இருந்தது. அது கொம்பனின் கரு அன்று. ஒவிராப்டரின் நெருங்கிய உறவினத்தின் கரு. பின்னர், கைகளை இருபுறமும் விரித்து முட்டைகளை அணைத்தபடி மணலில் புதைந்துபோன எலும்புக்கூடுகளும் அதே உறவினத்தில் கிடைத்தன. திருட வந்த இடத்தில் செத்ததாகச் சொல்லப்பட்டது, பெரும்பாலும் தன் கூட்டின் மேலேயே செத்திருக்கிறது. ஆயினும் பெயரை மாற்ற முடியாது. விலங்கியற் பெயரிடலின் விதிப்படி முறையாக முதலில் இடப்பட்ட பெயரே நிலைக்கும். விடுதலை செய்யப்பட்ட பின்னரும் ஆவணத்தில் அது கள்ளன்தான்.

இதற்கு நேர்மாறான கதை நமது துணைக்கண்டத்தில் இருக்கிறது. குஜராத்தின் டோலி துங்கிரி என்ற இடத்தில் தனஞ்சய் மொஹாபே என்ற இந்திய நிலவியலாளர் 1980களில் ஒரு பாறைத் துண்டை எடுத்தார். பேருருவ டைனோசரின் முட்டைகளும், அருகே சிறிய எலும்புகளும் அதில் இருந்தன. எல்லாம் டைனோசர்க் குஞ்சின் எலும்பென்றே கொள்ளப்பட்டது. 2001இல் அதனைப் பார்வையிட்ட ஜெஃப்ரி வில்சன், அவற்றுள் ஒரு பாம்பின் முதுகெலும்பு இருப்பதைக் கண்டார். நசுங்கிய முட்டையைச் சுற்றிச் சுருண்டபடி மூன்றரை மீற்றர்ப் பாம்பு. பக்கத்தில் அப்போதுதான் பொரித்த குஞ்சு. வயது ஏறக்குறைய 6 கோடியே 70 இலட்சம் ஆண்டுகள். 2010இல் அதற்கு 'சனஜே இண்டிகஸ்' என்று பெயர் வைத்தார்கள். கையும் களவுமாகப் பிடிபட்டது இதுதான். பெயரிலோ பழங்காலத்து வாய் என்பதைத் தவிர வேறு குற்றச்சாட்டில்லை. இன்னொன்று, அதன் வாய் அந்த முட்டையை விழுங்கும் அளவுக்கு விரியாதாம். பொரிக்கும் குஞ்சுக்காகக் காத்திருந்திருக்கிறது.

பேத்தி விடவில்லை. "ஒவிராப்டர் எடுக்கவில்லை, சரி. என்ர மிருகம் உண்மையாகவே எடுக்குதுதானே?" என்றாள். பசிக்கு உண்பது களவாகுமா, உடைமை என்ற எண்ணம் உள்ள இடத்தில்தானே களவு என்ற சொல்லுக்கு இடம் என்று நான் நியாயம் பேசினேன். "அப்ப முட்டை ஆலாவின்ர இல்லையா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் இருக்கவில்லை. ஈற்றில் 'கோதுண்ணி' என்று இருவரும் இணங்கினோம். கோதையும் உண்பது என்பது மட்டும் பொருள். அது நாம் கண்ட உண்மை. மேலதிகமாக ஒரு சொல்லும் இல்லை.

கற்பனைத் தீவில் இவ்வளவு விசாரணை வேண்டுமா என்று வாசகர் கேட்கலாம். குவாம் தீவில் இதுவே உண்மையாக நடந்தது. மேற்குப் பசிபிக்கில் அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட அந்தத் தீவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் காட்டுப் பறவைகள் ஒவ்வொரு பகுதியாக மறையத் தொடங்கின. தெற்கிலிருந்து வடக்கே மௌனம் பரவியது. பூச்சிநாசினி என்றார்கள். ஏதோ நோய் என்றார்கள். இரண்டும் நியாயமான சந்தேகங்களே. தேடியவர்கள் மூடர்கள் அல்லர். 1980களின் தொடக்கத்தில் அங்கு ஆய்வுக்குச் சென்ற ஜூலி சாவிட்ஜ், தீவு மக்களிடமும் விசாரித்தார். பழுப்பு மரப்பாம்பு எந்தெந்த ஆண்டில் எந்தெந்தப் பகுதிக்கு வந்தது என்பதையும், பறவை எந்தெந்த ஆண்டில் அங்கு மறைந்தது என்பதையும் ஒப்பிட்டார். பறவையை இரையாக வைத்துப் பொறிகள் அமைத்தார். பறவைகள் மறைந்த இடங்களிலேயே பாம்புகள் அந்த இரையை விரைவாகப் பிடித்தன. 1987இல் முடிவை வெளியிட்டார். போர்க்காலச் சரக்குகளோடு வந்து சேர்ந்த அந்தப் பாம்பு இரவில் மரமேறுவது. முட்டை, குஞ்சு, அடைகிடக்கும் தாய் என்று எல்லாவற்றையும் முழுதாக விழுங்குவது. கோது மிஞ்சாது. இறகு மிஞ்சாது. பகலில் அதனைக் கண்டவர் அரிது.

தீவின் 12 பூர்வீகக் காட்டுப் பறவை இனங்களில் 10 அங்கிருந்து அற்றுப்போயின. இரண்டு இனங்களை மட்டும் இறுதி வேளையில் பிடித்துக் கூண்டுகளில் வைத்துக் காப்பாற்றினார்கள். அவற்றுள் ஒன்றான பறக்காத குவாம் சம்பங்கோழி, பாம்பில்லாத அயல் தீவுகளில் விடப்பட்டுப் பெருகியதனால் 2019இல் 'இயற்கையில் அற்றுப்போனது' என்ற பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மற்றதான மீன்கொத்தியில் ஒன்பது பறவைகளை 2024இல் வெகு தொலைவிலுள்ள பல்மைரா பவளத்தீவில் விட்டார்கள். குவாமில் அல்ல. அங்கே பாம்பு இன்னும் இருக்கிறது. பறவை தீர்ந்த பின்னரும் பல்லியையும் எலியையும் உண்டு வாழ்கிறது. பறவை இல்லாத காட்டில் சிலந்தி வலைகள் பன்மடங்கு பெருகிவிட்டன என்று 2012இல் ஓர் ஆய்வு தெரிவித்தது.

சிலந்தி விடயத்தைச் சொன்னதும் பேத்தி எழுதிக்கொண்டாள். தன் தீவில் ஆலாக்கள் ஒரு கட்டத்தில் போய்விடும் என்று அவளும் தீர்மானித்திருக்கிறாள். "அவைக்குச் சிறகு இருக்கு அப்பப்பா, வேற தீவு பார்க்கும்" என்றாள். கோதுண்ணிக்குச் சிறகு இல்லை. ஈரமணலில் புதைத்து வைத்த முட்டைகள் அதற்கு ஓராண்டு காணும். இரண்டாம் ஆண்டு என்ன தின்னும், அந்தத் தோற்கழுத்துப் பறவையைத் தின்னுமா என்று கேட்டேன்.

பரீட்சை முடியட்டும், பிறகு சொல்கிறேன் என்றாள்.